முளைவேரும் முளைக்குருத்தும்: விதையைப் பிளந்தும் முளைக்கவைத்தும் வேறுபாட்டைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

முளைவேர் கீழே போகும், முளைக்குருத்து மேலே போகும். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் பதிலாக வரும். தப்பில்லை. ஆனால் இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு விதையைப் பிளந்தால் திணறிப்போவோம். மேசைமேல் பிளந்து கிடக்கும் விதையில் மேல் எது, கீழ் எது? முளைத்த பிறகும் குழப்பம் தீர்வதில்லை. பீன்ஸ் விதை முளைக்கும்போது மண்ணைத் தள்ளிக்கொண்டு வளைந்து வெளியே வரும் வெள்ளைத் தண்டைக் காட்டி, இதுதான் முளைக்குருத்து என்று பலர் படத்தில் குறித்துவிடுகிறார்கள். அது முளைக்குருத்தே இல்லை.

இந்தக் குழப்பம் வராமல் இருக்க ஒரே ஒரு அடையாளம் போதும்: வித்திலை எந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் தேடுங்கள். விதைக்குள் இருக்கும் கரு ஒரு சிறிய அச்சு. வித்திலைகள், அதாவது கருவோடு சேர்ந்து விதைக்குள்ளேயே இருக்கும் முதல் இலைகள், அந்த அச்சின் நடுவில் ஓர் இடத்தில் ஒட்டியிருக்கும். அந்த இடத்துக்கு ஒரு பக்கத்தில் இருப்பது வித்திலை மேல்தண்டும் அதன் நுனியில் உள்ள முளைக்குருத்தும். மறுபக்கத்தில் இருப்பது வித்திலைக் கீழ்த்தண்டும் அதன் முனையில் உள்ள முளைவேரும். விதை காய்ந்திருந்தாலும், முளைத்துக்கொண்டிருந்தாலும், தலைகீழாகக் கிடந்தாலும் இந்த வரிசை மாறாது. கீழே சொல்லும் படிகள் எல்லாவற்றிலும் முதலில் இந்த ஒட்டும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும்.

என்னென்ன வேண்டும்

மூன்று வகை விதைகள்: ராஜ்மா போன்ற பெரிய பீன்ஸ் விதை, கொண்டைக்கடலை, மக்காச்சோளம். மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்பவை, அதனால்தான் இந்தத் தேர்வு. ஒவ்வொன்றிலும் பதினைந்து இருபது விதைகளாவது எடுத்துக்கொள்ளுங்கள். சில விதைகள் முளைக்காது, சிலவற்றை அறுக்க வேண்டியிருக்கும். வறுத்ததோ வேகவைத்ததோ உடைத்ததோ வேண்டாம், உயிருள்ள முழு விதை வேண்டும். சிவப்பு, பச்சை என்று செயற்கைச் சாயம் பூசிய விதைப்பு விதைகளில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். அவற்றை வெறுங்கையால் தொடாதீர்கள். பச்சை ராஜ்மாவை வாயில் போடவும் கூடாது, அதில் உள்ள லெக்டின் வயிற்றைக் கெடுக்கும்.

இவற்றோடு நேரான கண்ணாடிக் குவளைகள், தண்ணீர் உறிஞ்சும் தாள், கைலென்ஸ், புதிய பிளேடு, கொஞ்சம் அயோடின் கரைசல், கருப்பு மை, மெல்லிய நூல். அவ்வளவுதான்.

படி 1: ஊறவைத்து, வெளிப்பக்கத்தைப் பாருங்கள்

பீன்ஸையும் கொண்டைக்கடலையையும் ஓர் இரவு ஊறவையுங்கள். மக்காச்சோளத்துக்கு ஒரு நாள் முழுக்கத் தேவைப்படும். விதை தண்ணீரை இழுத்து உப்புவது உயிர்ச்செயல் இல்லை. செத்த விதையும் இதேபோல உப்பும். எனவே ஊறியதை வைத்து விதைக்கு உயிர் இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

பீன்ஸின் உட்குழிந்த ஓரத்தில் நீள்வட்டமாக ஒரு தழும்பு தெரியும். காய்க்குள் விதை காம்போடு ஒட்டியிருந்த இடம் அது, விதைத்தழும்பு என்பார்கள். அதன் ஒரு முனையில் ஊசியால் குத்தியதுபோல ஒரு சின்னத் துளை இருக்கும். அதுதான் சூல்துளை. கண்ணுக்குப் படவில்லை என்றால், ஊறிய விதையைத் துடைத்துவிட்டு இரண்டு விரலால் மெதுவாக அழுத்துங்கள். சூல்துளை வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் கசியும்.

அந்தத் துளையை ஒட்டி விதையுறைக்கு அடியில் ஒரு மேடு தெரிகிறதா? உள்ளே முளைவேர் படுத்திருப்பதன் வெளித்தோற்றம் அது. முளைவேரின் முனை எப்போதும் சூல்துளையைப் பார்த்தே இருக்கும். கரு உருவாகும்போதே இதற்கான காரணம் அமைந்துவிடுகிறது. கருவுற்ற முட்டை செல், பின்னால் விதையாக மாறும் சூலின் துளைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டுதான் முதன்முதலாகப் பிரிகிறது. துளைப் பக்கத்துச் செல்லிலிருந்து கருவைத் தாங்கும் காம்பு ஒன்று வளர்கிறது, மறுபக்கத்துச் செல்லிலிருந்து கருவின் பெரும்பகுதி உருவாகிறது. வேர்முனை இந்தக் காம்பை ஒட்டி அமைவதால் துளையின் பக்கமே திரும்பியிருக்கிறது. குருத்துமுனை எதிர்ப்பக்கத்தில், விதையின் உட்புறம் நோக்கி அமைகிறது. ஆக, மேல் கீழ் என்ற திசை வருவதற்கு முன்பே, துளைப்பக்கம் உள்பக்கம் என்ற வேறுபாடு வந்துவிடுகிறது.

கொண்டைக்கடலையில் இது இன்னும் எளிது. ஒரு பக்கம் கூரான மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த மூக்குக்குள் இருப்பதுதான் முளைவேர்.

படி 2: தோலை உரித்து இரண்டாகப் பிரியுங்கள்

ஊறிய பீன்ஸின் உறையை, தழும்புக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து உரியுங்கள். தழும்புப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் கரு அச்சு உடைந்துபோக வாய்ப்பு அதிகம். உரித்ததும் இரண்டு தடித்த வித்திலைகளும், அவற்றின் ஓரத்தில் கூர்மையான ஒரு வெள்ளைக் கொம்பும் தெரியும். முளைவேர் பக்கம் அதுதான். உறையை நீக்கியதுமே அது கண்ணுக்குப் படுகிறது, ஆனால் குருத்து இன்னும் தெரியவில்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். முளைவேர் வித்திலைகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முளைக்குருத்து இரண்டு வித்திலைகளுக்கும் நடுவே பத்திரமாக மூடப்பட்டிருக்கும்.

இப்போது நகத்தால் வித்திலைகளை நிதானமாகப் பிரித்தால் கரு அச்சு ஒரு பாதியோடு ஒட்டிக்கொண்டு வரும். லென்ஸை வைத்துப் பாருங்கள். ஒரு முனை வழவழப்பான வெறும் கூம்பு. அதில் இலை கிடையாது, மடிப்பு கிடையாது, கிளை கிடையாது. மறுமுனையில் இரண்டு குட்டி இலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்து கிடக்கும். நல்ல வெளிச்சத்தில் அவற்றின் நரம்புகள்கூடத் தெரியும். இன்னும் மண்ணைத் தொடாத, சூரியனைப் பார்க்காத விதைக்குள் நரம்போடு இலை தயாராக இருப்பதை நேரில் பார்க்கும்போது, படத்தில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். அந்த இலைகளுக்கு நடுவே, கண்ணுக்கு எட்டாத அளவில், குருத்தின் உண்மையான வளர்முனை இருக்கிறது.

மேலும் கீழும் தெரியாமலேயே இரண்டையும் பிரித்தறிய இந்த வடிவ வேறுபாடு போதும். குருத்துமுனை தானே உருவாக்கும் இலைகளுக்குள் ஒளிந்திருக்கும். வேர்முனையின்மேல் இலை எதுவும் இருக்காது. அதற்குப் பாதுகாப்பு வேர்மூடி என்ற உறைதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. அந்த வெள்ளைக் கொம்பு முழுவதும் முளைவேர் என்று எழுதிவிடாதீர்கள். வித்திலை ஒட்டும் இடத்திலிருந்து கொம்பின் பெரும்பகுதி வித்திலைக் கீழ்த்தண்டு, நுனிப்பகுதி மட்டுமே முளைவேர். இரண்டுக்கும் இடையே வெளியில் கோடு எதுவும் தெரியாது. படத்தில் குறிக்கும்போது முனையைத் தொட்டு 'முளைவேர்' என்று எழுதினால் சரியாக இருக்கும்.

கொண்டைக்கடலையிலும் இதேதான், ஆனால் குருத்து மிகச் சிறியது. பீன்ஸில் பழகிய பிறகு அதைப் பிரியுங்கள்.

படி 3: மக்காச்சோளத்தை நெடுக்காக அறுங்கள்

மக்காச்சோள மணியின் தட்டையான பக்கங்களில் ஒன்றில் வெளிறிய நீள்வட்டப் பகுதி தெரியும். கரு அங்கேதான் இருக்கிறது. அந்தப் பகுதியின் நடுவே, மணியின் குறுகிய முனையிலிருந்து அகன்ற முனை வரைக்கும் பிளேடால் நெடுக்காக அறுங்கள். விரலை ஒதுக்கிவைத்து, மணியைப் பலகைமேல் அழுத்திப் பிடித்து அறுப்பது நல்லது. வெட்டிய முகத்தில் ஒரு சொட்டு நீர்த்த அயோடின் விட்டால், மாவுச்சத்து நிறைந்த கருவூண் திசு கருநீலமாகிவிடும். கரு மஞ்சள்பழுப்பாகத் தனித்துத் தெரியும்.

இங்கே வித்திலை ஒன்றுதான். கேடயம் போன்ற வடிவம் கொண்ட அதற்கு ஸ்கூட்டெல்லம் என்று பெயர். அது கருவூண் திசுவை ஒட்டிப் படிந்திருக்கும். அதில் ஒட்டிய சிறிய அச்சில், குறுகிய முனையைப் பார்த்திருப்பது முளைவேர், அகன்ற முனையைப் பார்த்திருப்பது முளைக்குருத்து. புல் இனங்களுக்கே உரிய ஏற்பாடு ஒன்று இங்கே உண்டு: முளைவேருக்கு முளைவேர் உறை, முளைக்குருத்துக்கு முளைக்குருத்து உறை என இரண்டுக்கும் தனித்தனி உறைகள்.

பெயர்கள் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டு உறைகளின் வேலையும் ஒன்றில்லை. முளைவேர் உறை கொஞ்சம் நீண்டு விதையுறையைப் பிளந்ததும் நின்றுவிடும், வேர் அதைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். முளைக்குருத்து உறை அப்படி நிற்பதில்லை. உள்ளே சுருண்டிருக்கும் இலைகளைச் சுமந்துகொண்டு மண்ணின் மேற்பரப்பு வரைக்கும் வளரும். வெளிச்சம் பட்டதும் அதன் வளர்ச்சி ஓயும், முதல் இலை அதன் நுனியைத் துளைத்துக்கொண்டு விரியும்.

படி 4: கண்ணாடி ஓரத்தில் முளைக்கவையுங்கள்

குவளையின் உட்புறச் சுவரையொட்டித் தாளைச் சுற்றி, நடுவில் கசக்கிய தாளை அடைத்துவிடுங்கள். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில், விளிம்பிலிருந்து பாதி ஆழத்தில் விதைகளைச் செருகுங்கள். அடியில் இரண்டு சென்டிமீட்டர் அளவு தண்ணீர் இருந்தால் தாள் தானே ஈரத்தை மேலே இழுத்துக்கொள்ளும். விதை தண்ணீரில் மூழ்கக் கூடாது. முளைக்கும் விதை வேகமாக மூச்சுவிடும், மூழ்கினால் ஆக்சிஜன் கிடைக்காமல் அழுகிவிடும்.

விதைகளை ஒரே மாதிரி செருகாதீர்கள். சிலவற்றில் சூல்துளை மேலே பார்க்கட்டும், சிலவற்றில் கீழே, சிலவற்றில் பக்கவாட்டில். குவளையை 25 டிகிரி செல்சியஸையொட்டிய வெப்பத்தில் வையுங்கள்.

சுமார் இரண்டு மூன்று நாளில் மூன்று வகையிலும் முளைவேர் எட்டிப்பார்க்கும், கொண்டைக்கடலை கொஞ்சம் முந்திக்கொள்ளும். வேர் முதலில் வருவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாற்றுக்கு முதல் தேவை தண்ணீரும் மண்ணில் பிடிமானமும். குருத்துக்கு வேண்டிய உணவு வித்திலையிலோ கருவூண் திசுவிலோ சேமிப்பாக இருக்கிறது, அவசரம் கிடையாது. முளைவேர் வெளியே வரும் அந்த முதல் மில்லிமீட்டர்கள், பெரும்பாலான விதைகளில், புதிய செல்கள் பிரிந்து உண்டானவை இல்லை. ஏற்கெனவே இருந்த செல்கள் தண்ணீரை உறிஞ்சி நீண்டதால் கிடைத்த நீளம் அது. செல் பிரிதல் அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கிறது.

சூல்துளை மேலே பார்த்த விதைகளைக் கவனியுங்கள். வேர் மேல்நோக்கித்தான் வெளியே வரும். பிறகு ஒரு கொக்கிபோல வளைந்து கீழே திரும்பும். வெளிவரும் இடத்தை விதையின் அமைப்பு முடிவு செய்கிறது. அதன் பிறகு போகும் திசையைப் புவியீர்ப்பு முடிவு செய்கிறது.

வேர் ஓரிரண்டு சென்டிமீட்டர் நீண்டதும் லென்ஸால் பாருங்கள். நுனி வழவழப்பாக, சற்று மங்கிய நிறத்தில் இருக்கும். வேர்மூடி அதுதான். மண் துகள்களில் உரசி அதன் வெளிச்செல்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும், உள்ளிருந்து புதியவை வந்துகொண்டே இருக்கும். வழுவழுப்பான பசை ஒன்றையும் அது சுரக்கிறது. நுனிக்குக் கொஞ்சம் பின்னால் வெண்பஞ்சு ஒட்டினாற்போல ஒரு பகுதி தெரியும். அவை வேர்த்தூவிகள். ஒவ்வொரு தூவியும் ஒரே ஒரு புறத்தோல் செல்லின் நீட்சி. தண்ணீரும் கனிமங்களும் உறிஞ்சும் பரப்பை இவை பலமடங்கு கூட்டுகின்றன. தூவி இருக்கும் இடத்தில் வேர் நீள்வது நின்றிருக்கும். நீளும் இடத்தில் தூவி இருந்தால் மண் துகளில் உரசி அறுந்துபோகும் அல்லவா!

குருத்தில் இதற்கு இணையான மூடி எதுவுமே கிடையாது. மண்ணைத் துளைக்கும் வேலையில் அது தன் நுனியை முன்னால் நீட்டுவதே இல்லை.

படி 5: மேலே வருவது எது என்று கண்டுபிடியுங்கள்

மூன்று விதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அதிகம் குழம்புகிற இடமும் இதுதான்.

பீன்ஸில் வித்திலைகளுக்குக் கீழே உள்ள தண்டு, அதாவது வித்திலைக் கீழ்த்தண்டு, கொக்கியாக வளைந்து நீள்கிறது. அது நிமிரும்போது வித்திலைகளையும் அவற்றுக்கு நடுவே மூடியிருக்கும் முளைக்குருத்தையும் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டு மேலே வருகிறது. எனவே முதலில் தெரியும் வளைவு கீழ்த்தண்டு. வித்திலைகள் மண்ணுக்கு மேலே வந்து விரிந்த பிறகுதான் முளைக்குருத்தின் இரண்டு இலைகளையும் பார்க்க முடியும். இதைத் தரைமேல் முளைத்தல் என்கிறோம். ஆமணக்கு, புளி, பச்சைப்பயறு எல்லாம் இந்த வகை.

கொண்டைக்கடலையில் கீழ்த்தண்டு நீளவே நீளாது. வித்திலைகள் விதையுறைக்குள்ளேயே, மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். நீள்வது வித்திலைக்கு மேலே உள்ள தண்டு. எனவே இங்கே மேலே வருவது உண்மையிலேயே முளைக்குருத்துதான். இதற்குத் தரைகீழ் முளைத்தல் என்று பெயர். பட்டாணி, துவரை இரண்டும் இப்படித்தான்.

மக்காச்சோளமும் தரைகீழ் வகைதான், ஆனால் அதில் கொக்கி கிடையாது. முளைக்குருத்து உறை ஈட்டிபோல நேராக மேலே வரும். விதையை ஆழமாக ஊன்றியிருந்தால், ஸ்கூட்டெல்லத்துக்கும் முளைக்குருத்து உறையின் அடிக்கும் இடையே உள்ள இடைத்தண்டு நீண்டு அதை மேலே தள்ளும்.

பீன்ஸிலும் கொண்டைக்கடலையிலும் தெரியும் அந்தக் கொக்கி, குருத்து நுனியைக் காப்பாற்றும் ஏற்பாடு. மென்மையான நுனி முன்னால் போய் மண்ணில் மோதாமல், தண்டின் வளைவு மோதி வழிவிடுகிறது. கொக்கி நிமிராமல் பிடித்து வைப்பதில் எத்திலீன் ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. வெளிச்சம் பட்டதும் கொக்கி நிமிர்கிறது, இலைகள் விரிந்து பச்சை பிடிக்கின்றன. ஒரு குவளையை இருட்டுப் பெட்டிக்குள் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்: தண்டு வெளுத்து நீளமாகப் போயிருக்கும், இலைகள் மஞ்சளாகச் சுருங்கியிருக்கும், கொக்கி நிமிர்ந்திருக்காது. வேரின் வடிவத்தில் இவ்வளவு பெரிய மாற்றம் தெரியாது. வெளிச்சம் குருத்தின் போக்கையே மாற்றிவிடுகிறது.

படி 6: மையால் கோடு போட்டு, நீளும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

இரண்டு சென்டிமீட்டர் நீண்ட, நேரான பீன்ஸ் முளைவேரை எடுங்கள். மெல்லிய நூலை மையில் நனைத்து, நுனியிலிருந்து தொடங்கி ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் பத்துக் கோடுகள் போடுங்கள். மை குறைவாக இருக்கட்டும், வேர் காயாமல் வேலையைச் சீக்கிரம் முடியுங்கள். அதே மாதிரி, வேறொரு நாற்றின் வித்திலைக் கீழ்த்தண்டில் கொக்கிக்கு அருகிலிருந்து கீழே வரை இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு போடுங்கள்.

ஒரு நாள் கழித்துப் பார்த்தால், வேரில் நுனிக்குச் சற்றுப் பின்னால் உள்ள சில கோடுகள் மட்டும் விலகிப் பரவியிருக்கும். அதற்குப் பின்னால் உள்ளவை போட்ட இடத்திலேயே இருக்கும். வேர் நீள்வது அந்தச் சில மில்லிமீட்டருக்குள்தான். பழைய பகுதி நகர்வதில்லை, நுனி மட்டும் முன்னே தள்ளப்படுகிறது. தண்டில் கோடுகள் விலகும் பகுதி இதைவிட நீளமாக இருக்கும். மண்ணைத் துளைத்துச் செல்லும் உறுப்பு தன் முழு நீளத்திலும் நீண்டால், உரசலில் நடுவிலேயே மடிந்துவிடும். காற்றில் நிற்கும் தண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

படி 7: குவளையைப் படுக்கவையுங்கள்

நேராக வளர்ந்த நாற்றுகள் உள்ள குவளையிலிருந்து அதிகப்படித் தண்ணீரை வடித்துவிட்டு, அதை இருட்டில் படுக்கவையுங்கள். சில மணி நேரத்தில் வேர்முனை கீழ்நோக்கியும் குருத்துப் பக்கம் மேல்நோக்கியும் வளையத் தொடங்கும். வளைவு விழும் இடம், முந்தைய படியில் கோடுகள் விலகிய அதே இடம்.

இது புவியீர்ப்பால்தான் நடக்கிறது என்பதை 1806-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் ஆண்ட்ரூ நைட் காட்டினார். தண்ணீரால் ஓடும் சக்கரத்தில் விதைகளைக் கட்டி, சக்கரத்தை வேகமாகச் சுழலவைத்தார். வேர்கள் சக்கரத்தின் வெளிப்பக்கமும் குருத்துகள் மையத்தை நோக்கியும் வளர்ந்தன. சுழற்சியால் உண்டாகும் வெளித்தள்ளும் விசையை விதைகள் புவியீர்ப்பைப் போலவே எடுத்துக்கொண்டன. எனக்குத் தெரிந்து இவ்வளவு எளிய கருவியால் இவ்வளவு தெளிவான விடை கிடைத்த சோதனைகள் தாவரவியலில் குறைவு.

வேரில் திசையை உணர்வது வேர்மூடியின் நடுச் செல்கள். அவற்றில் உள்ள கனமான மாவுச்சத்து மணிகள் கீழ்ப்பக்கம் படிகின்றன. அதிலிருந்து செல் கீழ் எது என்று அறிகிறது. வேர்மூடியை மட்டும் நேர்த்தியாக நீக்கிவிட்டால் வேர் நீளும், ஆனால் புதிய மூடி உருவாகும்வரை எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது. தண்டிலும் மாவுச்சத்து மணிகள்தான், ஆனால் அவை இருப்பது நுனியில் இல்லை, தண்டின் நீளத்தில் உள்ள அகத்தோல் செல்களில்.

இரண்டும் எதிரெதிராக வளைவதற்குத் தனித்தனி ஹார்மோன்கள் தேவைப்படவில்லை என்பதுதான் இதில் அழகு. படுக்கவைத்த நாற்றில், வேரிலும் சரி தண்டிலும் சரி, கீழ்ப்பக்கத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சேர்கிறது. தண்டுச் செல்களை அது வேகமாக நீளவைக்கிறது, அதனால் கீழ்ப்பக்கம் நீண்டு தண்டு மேலே வளைகிறது. வேர்ச் செல்கள் ஆக்சினுக்கு மிகவும் கூருணர்வு உள்ளவை. தண்டைத் தூண்டும் அதே அளவு வேரைத் தடுக்கிறது. அதனால் வேரின் கீழ்ப்பக்கம் பின்தங்கி, மேல்பக்கம் நீண்டு, வேர் கீழே வளைகிறது.

வெளிச்சத்துக்கான சோதனையும் வேண்டுமென்றால், ஒரு பக்கம் மட்டும் துளையிட்ட பெட்டிக்குள் மக்காச்சோள நாற்றுகளை வையுங்கள். சிலவற்றின் நுனிக்கு அலுமினியத் தாளால் தொப்பி போட்டுவிடுங்கள். 1880-இல் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் நாற்றுகளில் செய்து காட்டிய சோதனையை ஒட்டியதுதான் இது: நுனியை மறைத்தால் முளைக்குருத்து உறை வெளிச்சத்தின் பக்கம் வளையாது. அந்த நுனியிலிருந்து கீழே இறங்கும் பொருளை 1920களில் ஃபிரிட்ஸ் வென்ட் ஓட்ஸ் நாற்றுகளிலிருந்து ஏகார் என்ற கூழ்மத் துண்டில் சேகரித்துக் காட்டினார். அதுதான் ஆக்சின்.

படி 8: வெட்டிப் பாருங்கள்

பீன்ஸ் நாற்றுகள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் முளைவேரின் நுனியை மட்டும் நறுக்குங்கள். சில நாளில் மேலே பக்கவேர்கள் கிளைக்கும், செடி பிழைத்துக்கொள்ளும். இரண்டாவதில் வித்திலைகளுக்கு மேலே முளைக்குருத்தை வெட்டுங்கள். வித்திலைகளின் கக்கத்தில் உறங்கும் மொட்டுகள் விழித்து, இரண்டு புதிய குருத்துகள் கிளம்பும். மூன்றாவதில் வித்திலைகளுக்குக் கீழே, கீழ்த்தண்டின் நடுவில் வெட்டுங்கள். வேரோடு நிற்கும் அடிப்பாகம் பெரும்பாலும் வாடி முடிந்துவிடும், ஏனென்றால் அதில் மொட்டு எதுவும் இல்லை. வெட்டிய மேல்பாகத்தை ஈரமான மணலில் ஊன்றி வையுங்கள். வெட்டுவாய்க்கு மேலே கீழ்த்தண்டிலிருந்தே புதிய வேர்கள் முளைத்து அது தழைத்துவிடக்கூடும்.

இங்கே ஒரு சமச்சீரின்மை இருக்கிறது. தண்டுப் பக்கம் வேரை உண்டாக்கிக்கொள்ளும், ஆனால் நாற்றின் வேர் அவ்வளவு எளிதில் குருத்தை உண்டாக்காது. வேரிலிருந்து கன்று விடும் வேம்பு, கறிவேப்பிலை போன்ற மரங்கள் உண்டு, ஆனால் பீன்ஸ் நாற்றில் அதை எதிர்பார்க்க முடியாது. கொண்டைக்கடலை, பட்டாணி போன்ற தரைகீழ் வகைகளுக்கு வித்திலைக் கக்க மொட்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருப்பதால், மேலே வந்த குருத்தை ஏதாவது கடித்துவிட்டாலும் மறுபடி துளிர்க்கும் வாய்ப்பு கூடுதல்.

உள்ளே இருக்கும் வேறுபாடு

நுண்ணோக்கி கிடைத்தால் இரண்டையும் மெல்லிய குறுக்குவெட்டாக எடுத்துப் பாருங்கள். இளம் வேரில் தண்ணீரைக் கடத்தும் சைலமும் உணவைக் கடத்தும் ஃபுளோயமும் தனித்தனிக் கற்றைகளாக, ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி நிற்கும். தண்டில் இரண்டும் ஒரே கற்றைக்குள், ஃபுளோயம் வெளியே சைலம் உள்ளே என்று சேர்ந்திருக்கும். முதலில் உருவான சைலம் வேரில் வெளிப்பக்கம் இருக்கும், தண்டில் உள்பக்கம் இருக்கும். இரண்டு அமைப்புகளும் ஒன்றாக மாறிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் வித்திலைக் கீழ்த்தண்டு.

கிளைக்கும் விதமும் வேறு. இலைகளும் மொட்டுகளும் குருத்துமுனையின் மேற்பரப்பிலேயே புடைப்பாகத் தோன்றுகின்றன. பக்கவேர் அப்படித் தோன்றுவதில்லை. வேரின் உள்ளே, பெரிசைக்கிள் என்ற அடுக்கில் உருவாகி, அதற்கு வெளியே உள்ள புறணி என்ற திசுவைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. பக்கவேர் கிளம்பும் இடத்தை லென்ஸால் பார்த்தால் அந்தப் பிளவு தெரியும். மேலும், தண்டில் கணு, கணுவிடை என்ற ஒழுங்கு உண்டு, வேரில் கணு கிடையாது.

இந்த இரண்டு முனைகளும் பிறவியிலேயே இப்படித்தான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அரபிடாப்சிஸ் என்ற சோதனைச் செடியில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருந்தால், கருவின் குருத்து முனை இரண்டாவது வேர்முனையாகவே மாறிவிடுகிறது. இரு பக்கமும் வேர்! கரு வளரும்போது குருத்து முனையில் வேருக்கான மரபணுக்கள் அடங்கியிருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தால் வேர் தலையெடுக்கிறது.

விதிக்கு அடங்காதவை

வேர்தான் முதலில் வரும் என்பதற்கு நெல் ஒரு மறுப்பு. தண்ணீருக்குள், ஆக்சிஜன் குறைந்த நிலையில் நெல் முளைத்தால் முளைக்குருத்து உறைதான் முதலில் நீண்டு காற்றைத் தேடிப் போகும், வேர் பிந்தும். தாமரையில் விதைக்குள்ளேயே குருத்து பச்சையாக, நன்கு வளர்ந்து இருக்கும். முளைவேர் பேருக்குத்தான், பிறகு தண்டிலிருந்து வரும் வேற்றிட வேர்களே செடியைத் தாங்குகின்றன.

பனை விதையிலும் பேரீச்சை விதையிலும் முதலில் மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்து வேர் என்று நினைக்கத் தோன்றும். அது வித்திலையின் நீண்ட காம்பு. முளைவேரையும் முளைக்குருத்தையும் தன் முனையில் வைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. வெங்காய விதையிலிருந்து ஊசிக்காது போல வளைந்து வரும் பச்சை வளையமும் வித்திலையேதான், குருத்து பின்னர் அதன் அடியில் உள்ள கீறல் வழியாக வெளியே வரும். சதுப்புநிலத்தில் வளரும் ரைசோஃபோரா மரங்களில் கிளையிலிருந்து தொங்கும் நீண்ட பச்சைத் தண்டும் வேர் இல்லை, தாய்மரத்திலேயே முளைத்து நீண்ட வித்திலைக் கீழ்த்தண்டு. ஆர்க்கிட் விதையில் தேடவே வேண்டாம், தூசி போன்ற அந்த விதைக்குள் இருக்கும் கருவில் வேர், குருத்து என்ற பிரிவே இன்னும் ஏற்பட்டிருக்காது.

செய்யும்போது வரும் சிக்கல்கள்

வேர்த்தூவியைப் பூஞ்சை என்று நினைத்து நல்ல நாற்றுகளைத் தூக்கியெறிவது அடிக்கடி நடக்கிறது. தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: தூவிகள் வேரோடு படிந்து கண்ணுக்கு மறைந்துவிடும், காய்ந்ததும் மறுபடி தெரியலாம். பூஞ்சை இழை வேரோடு நிற்காது. விதையுறை, தாள், கண்ணாடி என்று எல்லாவற்றின் மேலும் சிலந்திவலைபோலப் படரும், வாடையும் அடிக்கும். அந்த விதையை மட்டும் உடனே எடுத்துவிட்டு, தாளை மாற்றுங்கள்.

முளைவேர் வந்துவிட்டது, குருத்து வரவே இல்லை என்றால் முதலில் பொறுத்திருங்கள், இரண்டுக்கும் இடையே சில நாள் இடைவெளி இயல்பு. அதன் பிறகும் வரவில்லை என்றால் விதையைப் பிரித்துப் பாருங்கள். உரிக்கும்போதோ, கதிரடிக்கும்போதோ அடிபட்டு முளைக்குருத்து முன்பே ஒடிந்திருக்கலாம். வித்திலைக் கக்க மொட்டுகள் நன்றாக இருந்தால் தாமதமாகவேனும் துளிர்க்கும். முளைவேர் வெளியே வந்த பிறகு விதையை ஒருபோதும் காயவிடாதீர்கள். காய்ந்த விதையாக இருந்தபோது வறட்சியைத் தாங்கிய அதே கரு, வேர் வெளியே நீண்டதும் அந்தத் திறனை இழந்துவிடுகிறது. நாலைந்து மணி நேர வெயிலே அதைக் கொன்றுவிடலாம்.

பீன்ஸ் நாற்று மேலே வந்த பிறகும் விதையுறை வித்திலைகளில் மாட்டிக்கொண்டு, குருத்து விரிய முடியாமல் திணறினால் உறையைப் பிடித்து இழுக்க வேண்டாம், குருத்தும் கூடவே பிய்ந்து வரும். ஈரத் துணியை அதன்மேல் அரை மணி நேரம் போட்டு வைத்து, உறை இளகியதும் ஓரத்திலிருந்து மெதுவாகக் கழற்றுங்கள்.